அப்பாவுக்காக ஓடுகிறேன், கால் வலிக்கிறது: தொடரலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. உட்கார்ந்தே பார்க்கும் அலுவலக வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஓடியதே இல்லை. அப்பாவுக்கு 63 வயது. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால் ஒரு வருடமாக வாரம் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, டயாலிசிஸ் நடக்கிறது. நான்தான் அழைத்துப் போகிறேன். என் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்றேன். அப்பா கேட்கவே மறுத்துவிட்டார். எதுவுமே செய்ய முடியவில்லையே என்ற ஆற்றாமையில், சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்டும் ஒரு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. ஐந்து வாரமாகத் தினமும் ஓடுகிறேன். கடந்த இரண்டு வாரமாக வலது கீழ்க்காலின் முன்னெலும்பில் வலி. ஓடுவதற்கு முன் ஒரு இபுப்ரோஃபென் வலி மாத்திரை போட்டுக்கொண்டால் சமாளிக்க முடிகிறது. என் சிறுநீரகம் கெடக்கூடாது என்று தண்ணீரும் நிறையக் குடிக்கிறேன். அப்பா கையில் ஊசியோடு நாலு மணி நேரம் படுத்திருப்பதை நினைத்தால் என் வலியெல்லாம் ஒரு வலியா என்று தோன்றுகிறது. டெர்ரி ஃபாக்ஸ் ஒற்றைக் காலோடு ஓடவில்லையா? மூச்சு வாங்கி நடுவில் நடக்க வேண்டி வந்தால் வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதத்தில் 42 கிலோமீட்டர் ஓடிவிட முடியுமா? நான் செய்வது சரிதானா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விளையாட்டு மருத்துவர்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். கேட்காத ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். ஓடுவதற்கு முன் இபுப்ரோஃபென் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். ஓடும்போது ரத்தம் பெருமளவு கால் தசைகளுக்கும் தோலுக்கும் திருப்பிவிடப்படுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வியர்க்க வியர்க்க இன்னும் குறைகிறது. அந்த நெருக்கடியில் சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்கிப்போகாமல் விரித்து வைப்பவை புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் ஆகிய மாத்திரைகள் வலியைக் குறைப்பதே இந்தப் பொருள்கள் உருவாவதைத் தடுத்துத்தான். வலியை அடக்கும் அதே வேலையில் சிறுநீரகத்தின் பாதுகாப்பையும் எடுத்துவிடுகின்றன. 80 கிலோமீட்டர் ஓடியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 34 சதவீதம் பேருக்குத் தற்காலிகச் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தது. இபுப்ரோஃபென் சாப்பிட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கு. நீங்கள் இப்போது ஓடும் தூரம் அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் வலிக்கு மாத்திரை என்ற பழக்கம் தூரத்தோடு கூடவே வளரும். அப்பா நோய்க்கு எந்த உறுப்பைப் பறிகொடுத்தாரோ அதே உறுப்பின் மேல், அவருக்காக ஓடுகிறேன் என்று நீங்கள் சுமை ஏற்றக் கூடாது. அப்படியானால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ஓடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். ஓட்டத்துக்கு முன் எந்த வலி மாத்திரையும் வேண்டாம். அந்த வலி எனக்கும் உங்களுக்கும் தேவைப்படும் தகவல்.

சரி, கால் வலிக்கு வருவோம். ஓட ஆரம்பித்த மூன்றாவது வாரத்திலிருந்து ஐந்தாவது வாரத்துக்குள் கீழ்க்கால் முன்னெலும்பு வலிக்கிறது என்று வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். இதில் உங்கள் மன உறுதிக்கும் உடல்வாகுக்கும் ஒரு பங்கும் இல்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிக்கொள்ளும். மூச்சு வாங்குவது குறைந்ததும் நமக்குத் தேறிவிட்டோம் என்று தோன்றும். எலும்பும் தசைநாணும் அந்த வேகத்தில் மாறுவதில்லை. எலும்பின் மேல் புதிய சுமை விழுந்தால் உடல் முதலில் பழைய எலும்பைக் கொஞ்சம் அரித்து எடுக்கும். அதற்குச் சுமார் மூன்று வாரம். பிறகுதான் அந்த இடத்தைப் புது எலும்பால் நிரப்பும். அதற்குச் சுமார் மூன்று மாதம். ஆக, ஓட ஆரம்பித்த சில வாரங்களில் உங்கள் எலும்பு முன்பைவிடச் சற்றே பலவீனமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் ஓடியிருக்கிறீர்கள்.

இந்த வலி இரண்டில் ஒன்றாக இருக்கலாம். எலும்பின் உள்விளிம்பு ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பிக்கும்போது அதிகமாகவும் உடம்பு சூடானதும் குறைவாகவும் இருந்தால், அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ். சில வாரம் சுமையைக் குறைத்தால் அடங்கிவிடும். விரல் நுனியால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால், ஓட ஓட வலி ஏறினால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், அந்தக் காலில் மட்டும் நின்று ஒரு தடவை குதித்தாலே தாங்கவில்லை என்றால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்பார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் அது எக்ஸ்ரேயில் தெரியாமலேகூட இருக்கலாம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் புள்ளி வலி போகவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். எப்படியும் இந்த வாரமே எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ நேரில் போய்ப் பாருங்கள். இரண்டு வாரமாக மாத்திரையால் மூடிவைத்த வலியைக் கடிதத்தை மட்டும் படித்து என்னால் எடைபோட முடியாது. அதுவரை ஓடாதீர்கள். வலிக்காத அளவுக்கு நடக்கலாம்.

அப்பா படும் வலிக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்த வரி இதுதான். குடும்பத்தில் ஒருவருக்குத் தீராத நோய் வந்துவிட்டால், கூட இருப்பவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிப் பேசுவதையே தப்பாக நினைக்க ஆரம்பிக்கிறார்கள். தலைவலி என்றுகூடச் சொல்லத் தயங்குவார்கள். நோயாளிகளைக் கவனித்துக்கொள்பவர்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கால் எலும்பு எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கும் அப்பா எவ்வளவு வலி தாங்குகிறார் என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவருக்கு வலிக்கிறது என்பதற்காக உங்களுக்கும் வலிக்கத்தான் வேண்டும் என்று நீங்கள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தால், தயவுசெய்து அதைக் கைவிடுங்கள். சிறுநீரகத்தைத் தர முடியாமல் போனதற்குப் பதிலாகக் காலைத் தந்துகொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா அதற்கும் சம்மதிக்க மாட்டார்.

டெர்ரி ஃபாக்ஸைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கும் மிகவும் பிடித்த மனிதர். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்து, 1980இல் செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து கிளம்பி, 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய பிறகுதான் நின்றார். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்தப் பகுதியைத்தான். அதற்கு முன் ஓராண்டுக்கும் மேலாக அவர் பயிற்சி எடுத்தார் என்பதையும், அந்தப் பயிற்சியிலேயே 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தார் என்பதையும் யாரும் சொல்வதில்லை. 1979இல் அவர் கலந்துகொண்ட நெடுந்தூரப் போட்டியில் கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். அவரைப் பின்பற்ற விரும்பினால் அந்தப் பொறுமையான ஓராண்டைப் பின்பற்றுங்கள்.

அடுத்து உங்கள் சொந்தச் சிறுநீரகம். அப்பாவுக்கு எதனால் செயலிழந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நிறையப் பேருக்குச் சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும்தான் காரணம். இரண்டும் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியவை. காரணம் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை நோய் என்றால், அதன் பரவலான வகையில் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் அப்பாவின் சிறுநீரக மருத்துவரிடம் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சியைத் திரும்பத் தொடங்குவதற்கு முன் உங்களுக்கு ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கிரியேட்டினின் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் கழிவு), சிறுநீரில் புரதம், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் இவ்வளவும் பார்த்துவிடுங்கள். கடைசி இரண்டும் ரத்த சோகைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும். மாதவிடாய் உள்ள பெண்கள் நெடுந்தூரம் ஓடும்போது இரும்புச்சத்து குறைவது சகஜம். சோர்வை எல்லோரும் பயிற்சியின் மேல் பழி போட்டுவிடுவார்கள். நெஞ்சு வலி, மயக்கம், படபடப்பு ஏதாவது வந்திருந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ இதயப் பரிசோதனையும் வேண்டும்.

பரிசோதனைக்கு ரத்தம், சிறுநீர் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் கடுமையாக ஓடியிருக்கக் கூடாது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கிரியேட்டினின் ஏறும், சிறுநீரில் புரதம் கசியும். மாரத்தான் ஓடி முடித்த 22 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் 82 சதவீதம் பேருக்கு அப்படி ஏறியிருந்தது. ஓரிரு நாளில் இறங்கியும்விட்டது. நல்ல சிறுநீரகம் இதிலிருந்து தானாகவே மீண்டுவிடும். ஆனால் நாளைக்கே அப்பா மனம் மாறி உங்களைத் தானம் தருபவராகப் பரிசோதிக்க வேண்டி வந்து, முந்தின நாள் நீங்கள் 20 கிலோமீட்டர் ஓடியிருந்தால் வீண் குழப்பம்.

இனி, ஆறு மாதத்தில் முடியுமா என்ற கேள்வி. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்று உறுதியானால் முடியாது. ஆறிலிருந்து எட்டு வாரம் ஓடாமல் இருந்து, பிறகு அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். மிச்சமிருக்கும் நேரத்தில் 42.195 கிலோமீட்டருக்குத் தயாராகச் சொல்வது நியாயமில்லை. அதே நிகழ்வில் அரை மாரத்தானோ 10 கிலோமீட்டரோ இருந்தால் அதற்கு மாறுங்கள், இல்லை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்தான் என்றால் முடியலாம். ‘முடியும்’ என்று நான் எழுதாததைக் கவனியுங்கள். 16, 18 வாரத்தில் மாரத்தான் என்று சுற்றில் இருக்கும் திட்டங்களெல்லாம் ஏற்கெனவே வாரத்தில் சில நாள் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு எழுதப்பட்டவை. உங்களுக்கு அந்த அடித்தளமே இனிமேல்தான் போட வேண்டும்.

முதல் இரண்டு வாரம் நடை மட்டும், கூடவே சைக்கிளோ நீச்சலோ. வேகமாக 30 நிமிடம் நடந்து மறுநாள் காலையிலும் வலி இல்லை என்ற நிலை வந்தால், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம். வாரம் மூன்று நாள் போதும். தினமும் ஓடவே கூடாது. அப்பாவுக்கு டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி என்றால் உங்கள் ஓட்டம் புதன், வெள்ளி, ஞாயிறு. ஞாயிறுதான் நீண்ட ஓட்டம். திங்கள் முழு ஓய்வு. டயாலிசிஸ் நாளில் ஓட்டம் வைக்காதீர்கள். அது உங்களுக்கும் களைப்பான நாள். காலையில் போய், காத்திருந்து, சோர்ந்து வரும் அவரைப் பார்த்துக்கொண்டு, இரவில் அவருக்கு ஏதாவது என்றால் எழுந்து, அப்புறம் மறுநாள் வேலைக்கும் போகிறீர்கள். உடம்பு இதையும் பயிற்சிச் சுமையையும் தனித்தனிக் கணக்கில் வைப்பதில்லை. இரவு தூங்கவில்லை என்றால் அடுத்த நாள் ஓட்டத்தை விட்டுவிடலாம். விட்ட ஓட்டத்தை அடுத்த நாள் சேர்த்து ஓடி ஈடுகட்ட முயலாதீர்கள், அதுதான் முக்கியம். அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்து ஒரு வாரமே போனாலும் உங்கள் திறன் பெரிதாகக் குறைந்துவிடாது. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் சில வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலையே படாதீர்கள். ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள் அல்லது நடங்கள். நடக்க வெட்கமாக இருக்கிறது என்கிறீர்கள். 1975இல் பாஸ்டன் மாரத்தானை வென்ற பில் ராட்ஜர்ஸ் வழியில் தண்ணீர் குடிக்கவும் ஷூ கயிறு கட்டவும் நின்றார். நின்று குடித்துவிட்டு, 2 மணி 9 நிமிடம் 55 விநாடியில் முடித்தார். அப்போது அது அமெரிக்கச் சாதனை. அமெரிக்காவுக்காக 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலவே, புதிதாக ஓட வருபவர்களுக்கு ஓட்டமும் நடையும் கலந்த முறையைத்தான் பல பத்தாண்டுகள் கற்றுக்கொடுத்தார். களைத்துப்போன பிறகு நடப்பதற்கும், களைப்பதற்கு முன்பே திட்டமிட்டு நடப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதைச் செய்யுங்கள், மாரத்தான் நாளிலும். உங்கள் எலும்புக்கு அது நல்லது.

வாரம் இரண்டு நாள் கால் தசைகளுக்கு வலுப்பயிற்சி செய்யுங்கள். படிக்கட்டில் முன்பாதத்தை ஊன்றி ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, உட்கார்ந்து எழுவது, ஒற்றைக் காலில் சமநிலையாக நிற்பது. இவ்வளவு போதும். குதிகால் உயர்த்தலை ஒவ்வொரு காலிலும் தொடர்ந்து 20 முறை செய்யும் நிலைக்கு மெதுவாக வாருங்கள். கெண்டைக்கால் தசை வலுத்தால் முன்னெலும்பின் சுமையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். ஷூ பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். போட்டு ஓடிப் பார்க்கும்போது எது உங்கள் காலுக்குச் சுகமாக இருக்கிறதோ அதுவே நல்ல ஷூ. மாரத்தான் அன்று மட்டும் புது ஷூ போட்டுவிடாதீர்கள்.

ஞாயிறு ஓட்டத்தின் தூரத்தை ஒரேயடியாக ஏற்றாதீர்கள். வாரத்துக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் கூட்டி, நாலாவது வாரம் குறைத்துவிடுங்கள். இருபதைத் தாண்டிய பிறகு இரண்டு, மூன்று கிலோமீட்டராகக் கூட்டலாம். மாரத்தானுக்குப் பத்து வாரம் முன்பு ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று 18 கிலோமீட்டரை ஓட்டமும் நடையுமாக முடித்து, மறுநாள் காலையில் எலும்பில் வலி இல்லாமல் படி இறங்க முடிந்தால் முழு மாரத்தானுக்குப் போகலாம். முடியவில்லை என்றால் அரை மாரத்தான். அன்றைய மனநிலையைப் பொறுத்து முடிவெடுக்காமல் இருக்க, இதை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். முழு மாரத்தானுக்குப் போனால், பயிற்சியின் மிக நீண்ட ஓட்டம் 29, 30 கிலோமீட்டரோ மூன்றரை மணி நேரமோ, எது முதலில் வருகிறதோ அதோடு நிறுத்துங்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் என்று போனால் முழுத் தூரத்துக்கு 5 மணி 38 நிமிடம் ஆகும்; ஒன்பது நிமிடம் என்றால் 6 மணி 20 நிமிடம். உங்கள் நிகழ்வில் எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு பாதையை மூடுகிறார்கள் என்பதை இன்றைக்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வலி எவ்வளவு இருக்கலாம்? பத்துக்கு மூன்று வரைக்கும் வந்து, மறுநாள் காலைக்குள் மறைந்துவிடும் தசை வலி பரவாயில்லை. எலும்பின் மேல் புள்ளியாக வலித்தால் ஒன்று என்றாலும் நிறுத்துங்கள்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அப்பாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கிறீர்கள். நமக்காவது குறைவு வரக்கூடாது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஓடும்போது தாகத்துக்கு மேல் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றிப்போனால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்துக்கு முன்பு இருந்ததைவிட முடித்த பிறகு எடை கூடியிருந்தவர்கள், நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம் சிக்கியிருந்தார்கள். நீங்கள் மெதுவாக ஓடப்போகிறவர், வழியில் எல்லா இடத்திலும் நின்று குடிக்க நேரம் இருக்கும். இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உடலில் நீரைத் தேக்கி இந்த ஆபத்தையும் கூட்டும். தாகம் எடுக்கும்போது குடியுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். கொஞ்சம் குறைந்திருப்பது சரி, கூடியிருந்தால் அளவுக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். ஓடிய பிறகு சிறுநீர் தேநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று. உடம்பு சேமித்து வைக்கும் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து முழு மாரத்தானுக்குப் போதாது. 30 கிலோமீட்டர் வாக்கில் கால் திடீரென்று கனத்துப்போவதாக ஓடியவர்கள் சொல்வது அதனால்தான். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, ஜெல்லோ பானமோ உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்வது எதுவோ அது, எடுத்துக்கொள்ளப் பழகுங்கள். பயிற்சியில் பழகாத எதையும் மாரத்தான் அன்று வாயில் வைக்காதீர்கள்.

நிதி திரட்டுவதில் இரண்டு விஷயம். நீங்கள் பதிவு செய்த தொண்டு நிறுவனத்துக்கு இந்த வாரமே எழுதி, தூரத்தை மாற்றலாமா, அடுத்த வருடத்துக்குத் தள்ளலாமா, குறைந்தபட்சம் இவ்வளவு திரட்டித் தர வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று கேளுங்கள். காயம் பட்டுத் தூரத்தைக் குறைத்துக்கொண்டவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். உங்களுக்குப் பணம் தருபவர்கள் சிறுநீரக நோயாளிகளை நினைத்துத்தான் தருகிறார்கள். 42 கிலோமீட்டரா 21 கிலோமீட்டரா என்று அவர்கள் கணக்குப் பார்க்கப் போவதில்லை. இரண்டாவது, அப்பாவின் நோயைப் பற்றி, அவருடைய படத்தைப் போட்டு ஏதாவது எழுதுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். கையில் ஊசியோடு படுத்திருக்கும் படத்தை ஊரெல்லாம் பார்ப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். மகள் செய்வதை வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் தலையாட்டிவிடுபவர்களும் உண்டு. அதனால் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டி, எந்த வரியை எடுக்கலாம் என்று அவரையே கேளுங்கள்.

நடை மட்டும் என்று சொன்ன முதல் இரண்டு வாரத்தில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு மிதமான உடற்பயிற்சி நல்லது என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. டயாலிசிஸ் நடக்கும்போதே படுக்கையில் மிதிவண்டிப் பெடல் மிதிக்க வைக்கும் மையங்கள்கூட உண்டு. அவருடைய இதயமும் ரத்த அழுத்தமும் அனுமதித்தால், டயாலிசிஸ் இல்லாத நாளில் பத்து நிமிடம், அவருடைய வேகத்தில். ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்த இடம், உள்ள கையைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படி நடக்கும்போது சிறுநீரகப் பேச்சை எடுக்க வேண்டாம். அதற்கு வேறு இடம் இருக்கிறது. பிள்ளையிடமிருந்து வாங்க மறுக்கும் பெற்றோர் ஏராளம். பெரும்பாலும் அவர்கள் பயப்படுவது, தந்த பிறகு உனக்கு என்ன ஆகும் என்பதற்குத்தான். உயிரோடு இருப்பவர் தந்த சிறுநீரகத்தை வைத்து முதன்முதலில் வெற்றிகரமாக மாற்று அறுவை நடந்தது 1954இல், பாஸ்டனில். இரட்டையரில் ஒருவரான ரொனால்ட் ஹெரிக் தன் சகோதரர் ரிச்சர்டுக்குத் தந்தார். தந்தவர் அதற்குப் பிறகு 56 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு மாரத்தான் ஓடுபவர்களும் இருக்கிறார்கள். அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அறுவைக்கு அறுவைக்குரிய ஆபத்து உண்டு, வாழ்நாள் முழுக்கப் பரிசோதனையும் உண்டு. இதையெல்லாம் மகள் வாயால் கேட்டால் அப்பாவுக்கு அது வற்புறுத்தலாகவே படும். அவருடைய மருத்துவரிடமோ மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளரிடமோ இருவரும் சேர்ந்து போய், அவர் தன் பயங்களைக் கேட்கட்டும், நீங்கள் சும்மா இருங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அது அவருடைய முடிவு. வேறு யாரிடமிருந்தாவது கிடைக்கும் வாய்ப்புக்காகப் பதிவு செய்து காத்திருக்கலாமா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.

கால் பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று தெரிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். புள்ளி வலியா பரவலான வலியா, மாத்திரை இல்லாமல் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, கிரியேட்டினின் எவ்வளவு, மாரத்தான் எந்தத் தேதி, இந்த நான்கும் அதில் இருக்கட்டும். மீதி வாரங்களை அதை வைத்துத் திட்டமிடுவோம்.